மூடப்பட்ட தீவுப் பள்ளிகளின் மறுவாழ்வு: ஜப்பானிய அனுபவம்

ஜப்பானில் 2002 முதல் 2020 வரையிலான கல்வியாண்டுகளில் 8,580 அரசுப் பள்ளிகள் மூடப்பட்டன. சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 450 பள்ளிகள். இவற்றில் கட்டடம் இடிபடாமல் எஞ்சியவை 7,398. அவற்றுள் 5,481 கட்டடங்கள், அதாவது 74.1 விழுக்காடு, 2021 மே மாதக் கணக்கின்படி வேறு பயன்பாட்டுக்கு வந்திருந்தன. நூலகம், முதியோர் இல்லம், சிறு தொழிற்கூடம், கலைக்கூடம், தங்கும் விடுதி, ஊர்ப் பொதுக்கூடம் என்று அவற்றின் புதிய வடிவங்கள் பல.

பள்ளி மூடல் நாடு முழுவதும் நடந்தாலும் தீவுகளில் அதன் விளைவு கடுமையானது. நிலப்பகுதியில் ஒரு பள்ளி மூடப்பட்டால் பிள்ளைகள் அடுத்த ஊருக்குப் பேருந்தில் போகலாம். சிறு தீவில் இருக்கும் ஒரே பள்ளி மூடப்பட்டால் அவர்கள் நாள்தோறும் படகேற வேண்டும், அல்லது குடும்பமே தீவைவிட்டுப் போக வேண்டும். ஆகவே வெற்றுக் கட்டடத்தை என்ன செய்வது என்ற கேள்வியோடு, பள்ளி இல்லாத தீவில் மக்கள் எதற்காகக் கூடுவார்கள் என்ற கேள்வியும் எழுகிறது. ஷோடோஷிமா, சாடோ, ஓகிஜிமா ஆகிய மூன்று தீவுகளின் பள்ளிகள் இக்கேள்விக்கு மூன்று வேறுபட்ட விடைகளைத் தந்தன.

ஊர் கட்டிய பள்ளி

ஜப்பானின் நவீனப் பள்ளிக்கல்வி 1872இல் மெய்ஜி அரசு வெளியிட்ட கல்வி ஆணையுடன் தொடங்குகிறது. நாடெங்கும் 53,760 தொடக்கப்பள்ளிகளை நிறுவுவது அதன் திட்டம். அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை. ஆயினும் மூன்றே ஆண்டுகளில் சுமார் 24,000 தொடக்கப்பள்ளிகள் தோன்றின. பெரும்பாலானவை முதலில் புத்தக் கோயில்களிலும் தனியார் வீடுகளிலும் இயங்கின.

ஆணை பிறப்பித்த அரசு பணம் தரவில்லை. பள்ளிக்கான செலவின் பெரும்பகுதி ஊர்மக்கள் மீது விழுந்தது. கல்விக் கட்டணத்துடன் வீட்டுவரி போன்ற பங்குத்தொகையும் வசூலிக்கப்பட்டது. பிள்ளைகளின் உழைப்பை நம்பியிருந்த உழவர் குடும்பங்கள் இதை வெறுத்தன. 1873இல் இன்றைய ககாவா மாகாணத்தின் மேற்குப் பகுதியில் எழுந்த உழவர் கலகத்தில் பள்ளிகளும் தீக்கிரையாயின. கட்டாயப் படைச்சேவை, புதிய வரிகள் ஆகியவற்றோடு பள்ளியையும் அரசு சுமத்திய பாரமாகவே மக்கள் கண்டனர்.

இரண்டு தலைமுறைகளுக்குள் நிலைமை மாறியது. 1900இல் தொடக்கக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டது. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் தொடக்கப்பள்ளியில் சேர்ந்திருந்தனர். மத்சுமோட்டோ நகரில் 1876இல் எழுந்த கைச்சிப் பள்ளியின் கட்டுமானச் செலவில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஊர்மக்களின் நன்கொடை. நாட்டின் பல சிற்றூர்களிலும் நிலம், மரம், உடலுழைப்பு என்று மக்கள் தம்மால் இயன்றதைப் பள்ளிக்குத் தந்தனர். பள்ளிக் கட்டடத்தைத் தங்கள் முன்னோர் கட்டியது என்று ஊர்மக்கள் சொல்வதற்கு இந்த வரலாறே காரணம்.

பள்ளியின் பணி பாடம் நடத்துவதோடு முடியவில்லை. ஆண்டு விளையாட்டு விழாவில் பிள்ளைகளுடன் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் ஓடினர். தேர்தல் நாளில் பள்ளியே வாக்குச்சாவடி. புயலிலும் நிலநடுக்கத்திலும் பள்ளியின் உள்விளையாட்டு அரங்கமே புகலிடம். ஒவ்வொரு பள்ளிக்கும் தனியாக ஒரு பள்ளிப்பாடல் உண்டு. அதில் உள்ளூர் மலையும் கடலும் பெயர் சொல்லிப் பாடப்படுவது வழக்கம். பேரனும் பாட்டியும் ஒரே பாடலை அறிந்திருப்பது இந்தத் தொடர்ச்சியின் அடையாளம்.

தீவுகள் காலியான விதம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1947இல் கட்டாயக் கல்வி ஒன்பது ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. ஆறு ஆண்டு தொடக்கப்பள்ளிக்குப் பின் மூன்று ஆண்டு நடுநிலைப்பள்ளி. சிறு தீவுகளிலும் நடுநிலைப்பள்ளிகள் எழுந்தன. போரிலிருந்து திரும்பியவர்களாலும் அடுத்து வந்த பிறப்புப் பெருக்கத்தாலும் வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. 1953இல் தீவு மேம்பாட்டுச் சட்டமும் 1954இல் ஒதுக்குப்புறப் பகுதிகளின் கல்வி வளர்ச்சிக்கான சட்டமும் நிறைவேறின. துறைமுகம், மின்சாரம், பள்ளி ஆகியவற்றுக்கு நடுவண் அரசின் நிதி வரத் தொடங்கியது.

இதே காலத்தில்தான் மக்கள் வெளியேறவும் தொடங்கினர். 1950களின் நடுவிலிருந்து 1973 வரை நீடித்த பொருளாதார வளர்ச்சிக்கு டோக்கியோ, ஒசாக்கா ஆலைகளில் இளம் தொழிலாளர்கள் தேவைப்பட்டனர். நடுநிலைப்பள்ளி முடித்த பதினைந்து வயதினர் கூட்டம் கூட்டமாக ரயிலேற்றி அனுப்பப்பட்டனர். ‘பொன் முட்டைகள்’ என்று நாளிதழ்கள் அவர்களை அழைத்தன. தீவுகளுக்கென்று கட்டிய பள்ளிகளே தீவு இளைஞரை நகருக்கு அனுப்பும் வாசலாகவும் ஆயின. 1970இல் மக்கள்தொகை குறைந்த பகுதிகளுக்கென்று தனிச் சட்டமே தேவைப்பட்டது.

மாணவர் குறைந்தபோது முதலில் வகுப்புகள் இணைந்தன. அடுத்தடுத்த இரண்டு வகுப்புகளின் மாணவர் மொத்தம் 16 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், தொடக்கப்பள்ளியில் அவற்றை ஒரே வகுப்பாக அமைக்கலாம் என்பது விதி. முதல் வகுப்பு அதில் சேருமானால் வரம்பு 8. ஓர் ஆசிரியர் அறையின் ஒரு பக்கத்தில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டு மறுபக்கம் திரும்பி நான்காம் வகுப்புக்கு வாசிப்பு நடத்துவார். அடுத்த கட்டம் பள்ளிகளின் இணைப்பு, அதற்கடுத்தது மூடல்.

1999 முதல் 2010 வரை நடந்த நகராட்சி இணைப்புகள் இதை விரைவுபடுத்தின. அக்காலத்தில் நாட்டின் நகர, ஊர் நிர்வாகங்களின் எண்ணிக்கை 3,232இலிருந்து ஏறத்தாழ 1,700ஆகக் குறைந்தது. தனி ஊராக இருந்தபோது பள்ளியை விடாமல் வைத்திருந்த பல இடங்கள், பெரிய நகராட்சியின் ஒரு மூலையாக மாறியபின் அந்த முடிவைத் தாமே எடுக்க முடியாமல் போயின.

கட்டடமும் சட்டமும்

அரசுப் பள்ளிக் கட்டடங்கள் நடுவண் அரசின் மானியத்தில் கட்டப்பட்டவை. அவற்றை வேறு பயன்பாட்டுக்கு விட வேண்டுமானால், உரிய காலம் முடிவதற்கு முன் மானியத்தின் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்த வேண்டியிருந்தது. சிறு நகராட்சிகளுக்கு இது பெரும் சுமை. கட்டடத்தைப் பூட்டி வைப்பதே எளிதாக இருந்தது. பூட்டிய மரக்கட்டடம் கடற்காற்றில் சில ஆண்டுகளிலேயே சிதையத் தொடங்கும்.

2008இல் இவ்விதி தளர்த்தப்பட்டது. மானியப் பணி முடிந்து பத்து ஆண்டுகளுக்கு மேலான கட்டடத்தை விலையின்றி மாற்றித் தந்தாலோ வாடகையின்றிப் பயன்படுத்தத் தந்தாலோ, மானியத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றானது. 2010இல் கல்வி அமைச்சகம் ‘எல்லோருடைய மூடிய பள்ளி’ என்ற பொருள்படும் திட்டத்தைத் தொடங்கியது. காலியாக உள்ள பள்ளிகளின் பட்டியலை வெளியிட்டு, பயன்படுத்த விரும்புவோரை நகராட்சிகளுடன் இணைப்பது அதன் நோக்கம். இவ்விரு மாற்றங்களுக்குப் பின் தனியார் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் பள்ளிக் கட்டடங்களைத் தேடிவரத் தொடங்கின.

ஷோடோஷிமா: நினைவாக நின்ற பள்ளி

சட்டத் தளர்வுக்கு நெடுங்காலம் முன்பே காப்பாற்றப்பட்ட ஒரு பள்ளி செட்டோ உள்நாட்டுக் கடலில் உள்ளது. ககாவா மாகாணத்தைச் சேர்ந்த ஷோடோஷிமா தீவின் ஒரு முனையில் தனோவுரா என்ற மீனவ ஊர் இருக்கிறது. அங்கு 1902இல் கட்டப்பட்ட மூன்று வகுப்பறைகள் கொண்ட மரப்பள்ளி, பின்னர் பெரிய பள்ளி ஒன்றின் கிளையாக இயங்கி, 1971 மார்ச்சில் மூடப்பட்டது.

இக்கட்டடம் இடிபடாததற்குக் காரணம் ஒரு நாவல். இத்தீவில் 1899இல் பிறந்த எழுத்தாளர் சுபோய் சகாயே 1952இல் ‘இருபத்து நான்கு கண்கள்’ என்ற நாவலை வெளியிட்டார். கடல்முனைக் கிளைப்பள்ளிக்கு மிதிவண்டியில் வரும் இளம் ஆசிரியை, அவரிடம் படிக்கும் பன்னிரண்டு பிள்ளைகள், வறுமையும் போரும் அவர்களுக்குச் செய்தவை ஆகியவையே கதை. போர்முனையில் மாணவர்களைப் பறிகொடுத்து, கணவனையும் இழந்த ஆசிரியை, அதே பள்ளிக்குத் திரும்பி அடுத்த தலைமுறைக்குப் பாடம் நடத்துகிறார். நாவலில் தீவின் பெயர் சொல்லப்படவில்லை. 1954இல் இயக்குநர் கினோஷிட்டா கெய்சுகே இதைத் திரைப்படமாக்கியபோது ஷோடோஷிமாவில் படம் பிடித்தார். தகமினே ஹிடெகோ ஆசிரியையாக நடித்தார். படம் ஜப்பானில் பெரும் வரவேற்பைப் பெற்றதோடு, அமெரிக்காவின் கோல்டன் குளோப் விருதையும் பெற்றது.

படத்தின் புகழால் பள்ளி நாடறிந்த இடமாயிற்று. மாணவர் போனபின் மேசைகளும் ஆர்கன் இசைக்கருவியும் வகுப்பறையில் அப்படியே வைக்கப்பட்டன. 1987இல் நாவல் மீண்டும் படமானபோது அருகில் அமைக்கப்பட்ட பள்ளி அரங்கமும் பிறகு கலைக்கப்படாமல் ‘திரைப்பட ஊர்’ என்ற சுற்றுலா இடமாக மாறியது.

தனோவுரா பள்ளி காப்பாற்றப்பட்டது உண்மை. ஆனால் அது காட்சிப்பொருளாகவே நிற்கிறது. வருகிறவர்கள் சிறிய மேசையில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஊர்மக்கள் கூடும் இடமாக அது மீளவில்லை. எல்லாப் பள்ளிக்கும் ஒரு புகழ்பெற்ற நாவல் அமையாது என்பதால் இவ்வழி பிற தீவுகளுக்குப் பயன்படவும் இல்லை.

இதே தீவின் ஃபுகுடா ஊரில் நடந்தது வேறு. 2009இல் மூடப்பட்ட அதன் தொடக்கப்பள்ளி, செட்டோஉச்சி கலைவிழாவையொட்டி 2013இல் ஆசிய நாடுகளின் கலை அமைப்புகள் கூடும் மையமாகத் திறக்கப்பட்டது. உள்ளூர்க்காரரும் வெளிநாட்டுக் கலைஞரும் ஒரே கூரையின் கீழ் சந்திக்கும் வாய்ப்பு அங்கு உருவானது.

சாடோ: மது வடிக்கும் வகுப்பறை

சாடோ, ஜப்பான் கடலில் நீகாட்டா மாகாணத்தைச் சேர்ந்த பெரிய தீவு. பரப்பு சுமார் 855 சதுர கிலோமீட்டர். நீகாட்டா துறைமுகத்திலிருந்து பெரிய கப்பலில் இரண்டரை மணிநேரப் பயணம். முற்காலத்தில் இது நாடுகடத்தப்பட்டோரின் தீவு. 1221இல் பேரரசர் பதவியிலிருந்து விலகிய ஜுன்டோகு, 1271இல் புத்தத் துறவி நிச்சிரென், 1434இல் நோ நாடகக் கலைஞர் செஅமி ஆகியோர் இங்கு அனுப்பப்பட்டனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயிகாவா தங்கச் சுரங்கம் எழுந்ததும் தீவு செழித்தது. அச்சுரங்கம் 1989இல் மூடப்பட்டது. 1950இல் தீவில் சுமார் 1,25,000 பேர் வாழ்ந்தனர். 2020இல் எஞ்சியோர் சுமார் 51,000. 2004 மார்ச் 1 அன்று தீவின் பத்து நகர, ஊர் நிர்வாகங்களும் இணைந்து ஒரே சாடோ நகராட்சியாயின.

நிஷிமிக்காவா என்பது தீவின் தென்மேற்கில் உள்ள ஊர். ஆற்று மணலிலும் மலைமண்ணிலும் தங்கம் அரித்தெடுத்த பழைய இடம் இது. 2024இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த சாடோ தங்கச் சுரங்கங்களில் நிஷிமிக்காவாவும் அடங்கும். இவ்வூரின் தொடக்கப்பள்ளி மானோ விரிகுடாவைப் பார்த்தபடி மேட்டில் நிற்கிறது. 1955இல் கட்டப்பட்ட மரக்கட்டடம். ஜப்பானிலேயே மாலைச் சூரியன் மிக அழகாகத் தெரியும் தொடக்கப்பள்ளி என்று பெயர் பெற்றது. 2010இல் அது மூடப்பட்டது.

அதே விரிகுடாவை ஒட்டி மானோவில் 1892இல் நிறுவப்பட்ட ஒபாடா மதுவடிப்பகம் இருக்கிறது. அரிசியிலிருந்து சாக்கே வடிக்கும் குடும்ப நிறுவனம் அது. ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்த ஒபாடா ரூமிகோ, டோக்கியோவில் திரைப்பட விளம்பரத் துறையில் பணியாற்றிவிட்டு 1995இல் தீவு திரும்பியவர். சாக்கேக்கு அரிசி, நீர், மனிதர் ஆகிய மூன்றும் வேண்டும் என்பார்கள். நான்காவதாகச் சாடோ தீவையும் சேர்த்து, இந்நான்கின் இணக்கமே தங்கள் மது என்பது இந்நிறுவனத்தின் கொள்கை.

மூடிய பள்ளியை இந்நிறுவனம் ‘பள்ளி வடிப்பகம்’ என்ற பெயரில் சீரமைத்து, 2014இல் அங்கு மது வடிக்கத் தொடங்கியது. சாக்கே மரபாகக் குளிர்காலத்தில் வடிக்கப்படுவது. நொதித்தல் மெல்ல நடக்கக் குளிர் வேண்டும். ஆகவே பள்ளியின் ஓர் அறை வெப்பம் புகாதபடி மாற்றப்பட்டு, அதில் நொதிக்கலங்கள் வைக்கப்பட்டன. இதனால் பள்ளியில் கோடைக்காலத்தில் வடிக்க முடிந்தது. குளிர்காலத்தில் தாய் வடிப்பகத்தில் உழைக்கும் அதே கைகளுக்குக் கோடையிலும் வேலை கிடைத்தது. கடல் அமைதியாக இருந்து பயணிகள் வரும் பருவமும் அதுவே.

பள்ளியில் வடிக்கும் மதுவுக்குச் சாடோவில் விளைந்த அரிசியே பயன்படுகிறது. தீவின் நெல்வயல்களுக்கும் டோக்கி என்னும் கொண்டை அரிவாள்மூக்கனுக்கும் நெருங்கிய உறவுண்டு. ஜப்பானில் காட்டு நிலையில் அற்றுப்போன இப்பறவை, சீனாவிலிருந்து வந்த இணையின் வழியாகப் பெருக்கப்பட்டு, 2008 செப்டம்பரில் பத்துப் பறவைகளாகச் சாடோவில் மீண்டும் பறக்கவிடப்பட்டது. அதற்கு உணவாகும் தவளையும் சிறு மீனும் வாழ, உழவர்கள் பூச்சிக்கொல்லியைப் பாதிக்குப் பாதி குறைக்க வேண்டியிருந்தது. அவ்வாறு விளையும் நெல்லுக்கு நகராட்சி தனிச் சான்று வழங்குகிறது. பள்ளி வளாகத்தில் பொருத்திய சூரியத் தகடுகளின் மின்சாரமும் வடிப்புக்கு உதவுகிறது. அரிசி, நீர், மின்சாரம் அனைத்தையும் தீவிலிருந்தே பெறுவது நோக்கம்.

இந்த இடத்தை வெறும் ஆலையாக ஆகாமல் காத்தது கற்பித்தல். கோடையில் மது வடிக்கக் கற்க வருவோர் ஒரு வாரம் தங்கி அரிசி கழுவுவது முதல் நொதிக்கலத்தைக் கிளறுவது வரை செய்கின்றனர். ஜப்பானியரோடு பிற நாட்டவரும் வருகின்றனர். ஆண்டுதோறும் ஒருநாள் ‘சிறப்பு வகுப்பு’ நடக்கிறது. பொருளியல் அறிஞர் மோட்டானி கோசுகே, டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கெண்டா யூஜி போன்றோர் பழைய வகுப்பறையில் ஆசிரியராக நிற்க, தீவின் உயர்நிலைப்பள்ளி மாணவர், உழவர், வெளியூரார் ஆகியோர் மாணவராக அமர்கின்றனர். மக்கள்தொகை குறையும் சாடோவின் சிக்கல்கள் நாளைய ஜப்பானின் சிக்கல்கள் என்பதால், தீவிலிருந்தே நாட்டின் எதிர்காலத்தை எண்ணிப்பார்ப்பது இவ்வகுப்பின் அடிப்படை.

சட்டமும் ஓரளவு இதற்கு வழிவிட்டது. உள்நாட்டுத் தேவை குறைந்துவரும் சாக்கேக்குப் புதிய உற்பத்தி உரிமம் பொதுவாக வழங்கப்படுவதில்லை. ஏற்கெனவே உரிமம் உள்ள நிறுவனம், சிறப்பு மண்டலத்துக்குள் மக்கள் செய்து பார்த்துக் கற்பதற்காக இரண்டாவது இடத்திலும் வடிக்கலாம் என்ற விதிவிலக்கு பின்னர் வந்தது. 2020இல் அதன் முதல் பயனாளியானது இப்பள்ளி. பிறகு பள்ளியில் உணவகமும் தங்குமிடமும் சேர்ந்தன.

அவாஜி தீவின் நொஜிமா பள்ளியும் 2010இல் மூடப்பட்டதுதான். ஒரு பெரிய வேலைவாய்ப்பு நிறுவனம் 2012இல் அதை உணவகம், அடுமனை, உள்ளூர் விளைபொருள் அங்காடி கொண்ட இடமாகத் திறந்தது. பாலத்தால் கோபே நகருடன் இணைந்த அவாஜிக்கு வார இறுதிப் பயணிகள் எளிதில் வருவர். பாலமில்லாத சாடோவில் அது நடக்காது. அங்கு பயணியை ஒரு வாரம் தங்கவைக்கும் காரணம் ஒன்று தேவைப்பட்டது. மது வடிக்கும் கல்வி அதைத் தந்தது.

ஓகிஜிமா: மீண்டும் பள்ளியான பள்ளி

மூன்றாவது தீவின் கதை எதிர்பாராத திசையில் சென்றது. ஓகிஜிமா, ககாவா மாகாணத் தலைநகர் தகமட்சுவிலிருந்து படகில் நாற்பது நிமிடத் தொலைவில் உள்ள சிறு தீவு. பரப்பு 1.37 சதுர கிலோமீட்டர். குடியிருப்போர் இருநூறுக்கும் குறைவு. செங்குத்தான சரிவில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருப்பதால் சந்துகளில் வண்டி ஓட்ட இயலாது. தீவின் முனையில் 1895இல் கருங்கல்லால் கட்டிய கலங்கரை விளக்கம் உள்ளது. கினோஷிட்டா கெய்சுகே 1957இல் எடுத்த மற்றொரு படத்தில் அது இடம்பெற்றது.

தீவின் தொடக்கப்பள்ளியும் நடுநிலைப்பள்ளியும் மாணவரின்றி ஓய்ந்தன. 2011 மார்ச்சில் கடைசி மாணவர்கள் வெளியேறினர். இங்கு ஒரு நிர்வாகச் சொல் முக்கியமானது. ஜப்பானில் ‘மூடல்’ வேறு, ‘இயக்கம் நிறுத்தம்’ வேறு. மூடப்பட்ட பள்ளி சட்டப்படி இல்லாமற்போகிறது. நிறுத்திவைக்கப்பட்ட பள்ளி ஏட்டில் உயிருடன் இருக்கிறது. மாணவர் வந்தால் திறக்கலாம். ஓகிஜிமா பள்ளி நிறுத்திவைக்கப்பட்டதே தவிர மூடப்படவில்லை.

2010இல் செட்டோ உள்நாட்டுக் கடலின் தீவுகளில் முதல் செட்டோஉச்சி கலைவிழா நடந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் இவ்விழாவின் இயக்குநர் கிடகாவா ஃப்ராம். முதல் விழாவுக்கே வருகைக் கணக்கு ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. முதியோர் மட்டும் எஞ்சிய ஓகிஜிமா சந்துகளில் இளையோர் நடமாடினர். 2013 விழாவில் ஓய்ந்திருந்த பள்ளிக் கட்டடம் திறக்கப்பட்டது. 1965இல் பிறந்த கலைஞர்களின் குழு ஒன்று அங்கு தங்கி, வகுப்பறைகளையும் முற்றத்தையும் கலைக்கூடமாக்கித் தீவுமக்களையும் பயணிகளையும் உள்ளே அழைத்தது.

தீவில் வேர்கொண்ட சில இளம் குடும்பங்கள் அந்தக் காலத்தில் திரும்பிவர எண்ணின. அவர்களின் நிபந்தனை ஒன்றே: பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும். பள்ளியைத் திறக்கக் கோரிக் கையெழுத்து இயக்கம் நடந்தது. மனு தகமட்சு நகராட்சிக்குச் சென்றது. ஒரு சில பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்துவது செலவுதான். ஆயினும் நகராட்சி இசைந்தது. 2014 ஏப்ரலில் பள்ளி மீண்டும் திறக்கப்பட்டது. பிறகு புதிய கட்டடம் எழுந்தது. மழலையர் காப்பகமும் மீண்டது. திரும்பிவந்த குடும்பம் ஒன்றின் முயற்சியால் 2016இல் பழைய வீடொன்று நூலகமாயிற்று. தீவுக்குக் குடிவர எண்ணுவோர் முதலில் விசாரிக்கும் இடமாகவும் அது விளங்குகிறது.

பள்ளியின் மறுபயன்பாடு பள்ளியிலேயே முடிந்தது அரிய நிகழ்வு. கலைவிழா மட்டுமே இதைச் செய்யவில்லை. விழா மனிதரை அழைத்துவந்தது. ‘நிறுத்தம்’ என்ற ஏற்பாடு கதவைப் பூட்டாமல் வைத்தது. குடும்பங்களின் மனு அதைத் திறந்தது. மூன்றில் ஒன்று இல்லாதிருந்தாலும் கட்டடம் கலைக்கூடமாகவே நின்றிருக்கும்.

மூடும் முன்னரே காத்தல்

ஷிமானே மாகாணத்தின் ஓகி தீவுக்கூட்டத்தில் நடந்ததையும் இங்கு சேர்த்துப் பார்க்கலாம். அங்குள்ள மூன்று சிறு தீவுகளுக்கு ஒரே உயர்நிலைப்பள்ளி டோசென். 2008ஐ ஒட்டி அதன் மாணவர் எண்ணிக்கை 90க்கும் கீழே சரிந்தது. பள்ளி மூடினால் பதினைந்து வயதிலேயே எல்லாப் பிள்ளைகளும் தீவைவிட்டுப் போவர், பலரைப் பின்தொடர்ந்து பெற்றோரும் போவர் என்று ஆமா ஊர் நிர்வாகம் கணித்தது. தீவையே பாடநூலாகக் கொள்ளும் பாடத்திட்டமும், பெருநகர மாணவர்கள் தங்கிப் படிக்கும் ‘தீவுக் கல்வி’ ஏற்பாடும் தொடங்கின. சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. இம்முறை பின்னர் நாட்டின் பல ஊர்களுக்கும் பரவியது.

மதிப்பீடு

மறுபயன்பாடு மக்கள்தொகைச் சரிவை நிறுத்திவிடவில்லை. பள்ளி வடிப்பகம் தொடங்கிய பின்னும் சாடோவின் மக்கள்தொகை குறைந்துகொண்டே வருகிறது. ஓகிஜிமாவிலும் பிறப்பைவிட இறப்பு அதிகம். ஒரு கட்டடத்தால் நாடளாவிய போக்கைத் திருப்ப முடியாது.

ஆனால் கட்டடம் எவ்வாறு பயன்படுகிறது என்பதில் பெரும் வேறுபாடு உண்டு. தனோவுராவில் பள்ளியின் உருவம் மிஞ்சியது. சாடோவில் வகுப்பறையின் தோற்றம் மாறினாலும் கூடி உழைப்பதும் கற்பதும் தொடர்ந்தன. ஓகிஜிமாவில் பழைய கட்டடமே போய்ப் புதியது வந்தாலும் பள்ளி மீண்டது. பள்ளிகளை மூட நேரும் நகராட்சிகளுக்கு இவ்வனுபவங்கள் இரண்டு நடைமுறைப் பாடங்களைத் தருகின்றன. ஒன்று, கட்டடம் சிதையும் முன்பே முடிவெடுக்க வேண்டும். நிஷிமிக்காவா பள்ளி மூடிய நான்கே ஆண்டுகளில் மீண்டும் இயங்கியது. மற்றொன்று, திரும்பிவரக்கூடியவர்களுக்காக இடம் விட்டுவைக்க வேண்டும். ஓகிஜிமா பள்ளியை 2011இல் நிறுத்திவைக்காமல் அடியோடு மூடியிருந்தால், 2014இல் பிள்ளைகளுடன் திரும்பியவர்களுக்குத் திறப்பதற்குப் பள்ளி இருந்திருக்காது.